கெமிஸ்ட்ரிக்கு ஆரிட்டப் போறாய்?

மருத்துவ பீடத்தை நோக்கும் கொழும்புப் பிள்ளைகள் ஆசிரியரைத் தேட முன்னர் எடுக்க வேண்டிய நான்கு முடிவுகள்

சாதாரண தரப் பெறுபேறு வந்த கிழமையில் வெள்ளவத்தையில் இரண்டு குடும்பங்கள் எதிர்ப்பட்டால் நலம் விசாரிப்பு அதிகம் நீளாது. "பிள்ளை பயோவோ, மெத்ஸோ?" என்பது முதற் கேள்வி. பயோ என்றால் அடுத்த கேள்வி பிள்ளையின் முகத்தைப் பார்த்தே வரும்: "கெமிஸ்ட்ரிக்கு ஆரிட்டப் போறாய்?" கொட்டாஞ்சேனையிலும் இதே கேள்விதான். அதற்குள் பிள்ளையின் தொலைபேசியில் நாலைந்து ஆசிரியர்களின் வகுப்பு நேரங்கள் வந்து சேர்ந்திருக்கும். ஆர் தியரியைக் கெதியாய் முடிப்பார், ஆருடைய பேப்பர் கிளாஸ் திறம், ஆரிடம் போனவருக்குப் போன வருடம் மருத்துவம் கிடைத்தது என்று அக்காமாரும் அண்ணாமாரும் ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்வார்கள்.

கேள்வியில் பிழையில்லை, அது வரும் வரிசையில்தான் பிழை. ஆசிரியரைத் தெரிவது உண்மையில் ஐந்தாவது முடிவு. இரசாயனவியலோடு சேர்த்து எந்தப் பாடம், எந்த மொழியில், எந்த நாட்டுப் பாடத்திட்டத்தில், கையால் செய்து பார்க்க ஆய்வுகூடம் உண்டா என்ற நான்கும் அதற்கு முன்னால் நிற்கின்றன. ஆசிரியரை அடுத்த மாதமே மாற்றலாம். 16, 17 வயதில் எடுக்கும் மற்ற முடிவுகளை மாற்ற ஒரு வருடமாவது விலையாகக் கொடுக்க வேண்டிவரும்.

ஒரே தபால் வட்டத்துக்குள்

கொள்ளுப்பிட்டி, கொழும்பு 3. முன்பு தேர்ஸ்டன் வீதி என்று அழைக்கப்பட்ட குமாரதுங்க முனிதாச மாவத்தையில் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடம் இருக்கிறது. இரசாயனவியல் துறை அதற்குள். அதே வீதியில் உயிரிரசாயனம், மூலக்கூற்று உயிரியல், உயிரியல் தொழில்நுட்பம் மூன்றுக்குமான பல்கலைக்கழக நிறுவகம். காலி வீதிப் பக்கம் வந்தால் அல்பிரட் ஹவுஸ் கார்டன்ஸில் பிரிட்டிஷ் கவுன்சில். லண்டன் பரீட்சைகளுக்குப் பிள்ளைகள் பதிவது அங்கே. காலி முகத்திடலை நோக்கி நடந்தால் அமெரிக்கத் தூதரகமும் இந்திய உயர்ஸ்தானிகராலயமும். இடையில் காலி வீதியிலும் டுப்ளிகேஷன் வீதியிலும் வெளிநாட்டு மருத்துவப் படிப்புக்கு ஆள் சேர்க்கும் முகவர்களின் பெயர்ப்பலகைகள்.

கொழும்பு மருத்துவ பீடம் இருப்பது பொரளைப் பக்கம், கின்சி வீதியில். ஆனால் மருத்துவத்துக்குப் போகும் பாதைகளில் பெரும்பாலானவை கொள்ளுப்பிட்டியில் ஏதோ ஒரு வாசலைத் தொட்டே செல்கின்றன. ஒவ்வொரு பாதையும் மாணவரிடம் வெவ்வேறு விதமான இரசாயனவியலைக் கேட்கிறது.

மருத்துவம் இரசாயனத்தைக் கேட்பது புதிதில்லை. 1870இல் தொடங்கிய கொழும்பு மருத்துவக் கல்லூரிக்குப் பின்னர் பல்கலைக்கழகக் கல்லூரி 1921இல் உருவானது. மருத்துவ மாணவர்கள் அங்கே இரசாயனம், பௌதிகம், உயிரியல் படித்துத் தேறிய பிறகே உடற்கூற்றியலுக்குப் போனார்கள். காலப்போக்கில் அந்த ஆரம்பப் படிப்பின் சுமை பாடசாலைக்கு, உயர்தர வகுப்புக்கு இறங்கியது. அமெரிக்காவில் இருபது வயதில் கல்லூரியில் எடுக்கும் பாடத் தெரிவு முடிவை இங்கே மீசை அரும்பாத வயதில் எடுக்கிறோம். தேர்வு நம் பிள்ளைகளுக்கும் உண்டு, முன்கூட்டியே வந்துவிடுகிறது.

முதல் முடிவு: பக்கத்துப் பாடம்

உயர்தர உயிரியல் பிரிவில் இரசாயனவியலும் உயிரியலும் இருக்க, மூன்றாவதாகப் பௌதிகவியலையோ விவசாய விஞ்ஞானத்தையோ எடுக்கலாம். பௌதிகவியலுக்குப் பயந்து விவசாயம் எடுக்கும் பிள்ளைகள் உண்டு. விவசாயம் நல்ல பாடம், அதற்கென்று நல்ல பட்டப்படிப்புகளும் இருக்கின்றன. ஆனால் மருத்துவ பீடத்துக்கு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றும் வேண்டும். விவசாயத்தோடு மூன்று ஏ எடுத்தாலும் அந்த வாசல் திறக்காது.

பௌதிகவியலை ஒதுக்கிவிட்டு இரசாயனவியலை இலேசாகப் படித்துவிடலாம் என்று நினைப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வாயு விதிகள், சக்தியியல், மின்னிரசாயனம் எல்லாமே பாதி பௌதிகம். ஓர் ஆசிரியர் கற்பிப்பதை மற்றவர் உறுதிப்படுத்தும் இடங்கள் அவை. இரண்டையும் சேர்த்துப் படிக்கும் பிள்ளைக்கு வேலை கூடுவதில்லை, குறைகிறது.

பாடத் தெரிவோடு மாவட்டத்தையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். அரச பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகை விகிதப்படியும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் போகின்றன. அந்தப் பதினாறில் கொழும்பு இல்லை. பரீட்சைக்கு முந்திய மூன்று வருடங்கள் எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தார் என்பதே ஒருவரின் மாவட்டத்தை முடிவுசெய்யும். நல்ல ரியூசன் கிடைக்கும் என்று வவுனியாவிலிருந்தோ நுவரெலியாவிலிருந்தோ பிள்ளையைக் கொழும்புப் பாடசாலைக்கு மாற்ற நினைக்கும் பெற்றோர், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை வரிவரியாக வாசித்துவிட்டு மாற்றுவது நல்லது.

இந்தக் கணக்குகள் தமிழ்க் குடும்பங்களில் ஏன் இவ்வளவு பதற்றத்தோடு பேசப்படுகின்றன என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அன்று நான்கு பாடங்கள், மொத்தம் 400 புள்ளிகள். 1970இல் மருத்துவ அனுமதிக்குத் தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 புள்ளியும் சிங்கள மொழிமூல மாணவருக்கு 229 புள்ளியும் எல்லையாக வைக்கப்பட்டன. தரப்படுத்தல் என்ற பெயரில் அது சில வருடங்கள் வடிவம் மாறி மாறி வந்து, மாவட்ட ஒதுக்கீடாக நிலைத்தது. அந்த 21 புள்ளிகளை நேரில் அனுபவித்தவர்கள் இன்று பாட்டன், பாட்டிமார். பேரப்பிள்ளை ரியூசனுக்குப் போகும் வேகத்தில் அவர்களுடைய நினைவும் கலந்திருக்கிறது.

இசட் புள்ளி என்ன கேட்கிறது?

மூன்று ஏ எடுத்தும் மருத்துவம் கிடைக்காமல் போவது கொழும்பு மாவட்டத்தில் புதினமில்லை. 2001 முதல் அனுமதியைத் தீர்மானிப்பது இசட் புள்ளி. ஒரு பாடத்தில் பிள்ளை எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் நாடளாவிய சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுத்தால் அந்தப் பாடத்துக்கான இசட் வரும். மூன்று பாடங்களினதும் சராசரியே இறுதிப் புள்ளி.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். இரண்டு பாடங்களிலும் நியம விலகல் 20. ஒன்றில் சராசரி 40, மற்றதில் 55. இரண்டிலும் 80 எடுத்த பிள்ளைக்கு முதலாவதில் இசட் 2.0, இரண்டாவதில் 1.25. அதே 80தான், பெறுமதி வேறு. வினாத்தாள் கடினமாகி எல்லோரும் தடுமாறும் பாடத்தில் தடுமாறாதவருக்கே இலாபம்.

இரசாயனவியல் தனியிடம் பெறுவது இங்கேதான். உயிரியல் வினாத்தாளை எழுதுவோர் உயிரியல் பிரிவினர் மட்டும். இரசாயனவியலையோ பொறியியலை நோக்கும் கணிதப் பிரிவினரும் எழுதுகிறார்கள், பௌதிகவியல் எடுக்காத விவசாயப் பிள்ளைகளும் எழுதுகிறார்கள். எல்லோரும் ஒரே சராசரிக்குள் வருகிறார்கள். ஆகவே பயோ பிள்ளை தன் வகுப்புத் தோழியோடு மட்டும் போட்டியிடவில்லை. மடக்கைக் கணக்கை மனதிலேயே போடும் மெத்ஸ் பையனோடும் போட்டியிடுகிறாள். சமநிலை, சக்தியியல், மின்னிரசாயனம் போன்ற கணிப்புப் பகுதிகளில் பயோப் பிள்ளைகள் கை நழுவவிடுவதை அந்தப் பையன்கள் எடுத்துக்கொண்டு போவார்கள்.

இந்த அளவுகோலும் எப்போதும் சச்சரவில்லாமல் இருந்ததில்லை. 2011இல் பழைய, புதிய பாடத்திட்டக்காரர் இருசாராரையும் ஒன்றாகச் சேர்த்துக் கணித்த இசட் புள்ளி நீதிமன்றம் வரை போனது. 2012இல் உயர் நீதிமன்றம் அந்த முறையை ஏற்கவில்லை. மூன்று தடவை மட்டுமே பரீட்சை எழுதிப் பல்கலைக்கழகத்துக்கு முயலலாம் என்ற எல்லையும் உண்டு. பெர்ஸ்ட் ஷை, செக்கண்ட் ஷை, தேர்ட் ஷை என்று பிள்ளைகள் பேசிக்கொள்வது அதைத்தான்.

இரண்டாவது முடிவு: எந்த மொழி

யாழ்ப்பாணம் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1860களில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்றியல், மகப்பேறு, சத்திரசிகிச்சை நூல்களோடு இரசாயன நூல் ஒன்றும் தமிழுக்கு வந்தது. 'கெமிஸ்தம்' என்ற பெயரில் 1875இல் அச்சான அந்த நூல், தமிழில் மருத்துவம் படிக்கத் தமிழில் இரசாயனம் வேண்டும் என்று அன்றே விளங்கியிருந்ததற்குச் சான்று. பொறாமைப்பட வேண்டிய தெளிவு.

இன்று மருத்துவ பீடங்கள் ஆங்கிலத்தில் கற்பிக்கின்றன. உயர்தரத்தைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதலாம். பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி, இராமநாதன் இந்து மகளிர் கல்லூரி, வெள்ளவத்தை சைவ மங்கையர் வித்தியாலயம், றோயல் கல்லூரியின் தமிழ்ப் பிரிவு என்று கொழும்பில் தமிழ்வழி கற்க நல்ல இடங்கள் இருக்கின்றன. ஆனால் 'எப்படியும் பீடத்தில் இங்கிலீஷ்தானே' என்று சொல்லி, பதினொரு வருடம் தமிழில் படித்த பிள்ளையைப் பன்னிரண்டாம் வகுப்பில் ஆங்கில மொழிமூலத்துக்கு மாற்றும் வழக்கம் வளர்ந்து வருகிறது.

மொழியை மாற்றுவதற்கு முன் ஒன்றைப் பார்க்க வேண்டும். இரசாயனவியலில் பாதி குறியீடு. தாக்கத்தின் சமன்பாட்டுக்கு மொழி கிடையாது. மற்றப் பாதி நியாயம். ஏன் இந்தச் சேர்வையின் கொதிநிலை கூடியது, ஏன் இந்த அமிலம் நலிந்தது என்று நாலு வரியில் காரணம் எழுத வேண்டும். கட்டமைப்பு வினாக்களில் புள்ளி போவது அந்த நாலு வரியில்தான். பிள்ளை எந்த மொழியில் வாதாடுமோ அந்த மொழியில் உயர்தரம் எழுதட்டும். ஆங்கிலக் கலைச்சொற்களை ஒரு கொப்பியில் பக்கத்தில் எழுதிக்கொண்டே வரலாம். பீடத்தில் சேர்ந்த முதற் சில மாதங்களில் சொற்கள் மாறிவிடும், விளங்கிய விடயம் மாறாது. பரீட்சை மண்டபத்தில் மொழிக்காகத் தடுமாறுவதற்கோ மாற்றுக் கிடையாது.

மூன்றாவது முடிவு: எந்த நாட்டுப் பாடத்திட்டம்

சர்வதேசப் பாடசாலைகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு லண்டன் உயர்தரம் இருக்கிறது. இலங்கையிலிருந்து லண்டன் உயர்தரம் எழுதுபவருக்கு இசட் புள்ளி கிடையாது. ஆகவே அரச மருத்துவ பீடத்தின் வழமையான வாசல் அவருக்குத் திறக்காது. இதை 13ஆம் வகுப்பில் அறிந்து திகைக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. சர்வதேசப் பாடசாலையில் சேர்க்கும் நாளிலேயே வெளிநாட்டுச் செலவுக் கணக்கையும் தொடங்க வேண்டும்.

லண்டன் இரசாயனவியலுக்குள்ளும் தெரிவு உண்டு. எடெக்செல் சர்வதேச உயர்தரத்தில் ஆறு அலகுகள். மூன்றாவதும் ஆறாவதும் செய்முறைத் திறன்கள், ஆனால் இரண்டும் எழுத்துப் பரீட்சைகள். கேம்பிரிட்ஜ் உயர்தரத்தில் ஐந்து வினாத்தாள்கள். மூன்றாவதை ஆய்வுகூடத்துக்குள் நின்று, அளவியையும் குழாயியையும் கையில் பிடித்துச் செய்து எழுத வேண்டும். பிரித்தானிய மருத்துவப் பாடசாலைகளில் பெரும்பாலானவை இரசாயனவியலை எதிர்பார்க்கின்றன. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு அது கட்டாயம். அதற்கு மேல் யூகேட் என்ற தகைமைப் பரீட்சையும் எழுத வேண்டும்.

அமெரிக்கப் பாதை இவற்றிலிருந்து முற்றாக வேறு. அங்கே மருத்துவம் பட்டம் பெற்ற பின் படிக்கும் படிப்பு. 1910இல் ஆபிரகாம் பிளெக்ஸ்னர் எழுதிய அறிக்கை, மருத்துவம் தொடங்க முன் கல்லூரியில் இரசாயனம், உயிரியல், பௌதிகம் படித்திருக்க வேண்டும் என்றது. அந்த மரபு இன்றும் தொடர்கிறது: பொது இரசாயனவியல் ஒரு வருடம், சேதன இரசாயனம் ஒரு வருடம், இரண்டுக்கும் ஆய்வுகூடம், பின்னர் உயிரிரசாயனம். பல மருத்துவப் பாடசாலைகள் இன்று சேதன இரசாயனத்தின் இரண்டாவது பருவத்துக்குப் பதிலாக உயிரிரசாயனத்தை ஏற்றுக்கொள்கின்றன. மருத்துவப் பாடசாலை அனுமதிக்கான, 2015இல் புதுப்பித்த எம்கேட் பரீட்சையில் உயிர்த்தொகுதிகளின் இரசாயன, பௌதிக அடிப்படைகளுக்கென்றே 59 வினாக்கள், 95 நிமிடம். அதில் பொது இரசாயனம் ஏறத்தாழ 30 வீதம், உயிரிரசாயனம் 25, சேதனம் 15.

இங்கே உயர்தரம் முடித்து அமெரிக்கக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு ஒரு சோதனை காத்திருக்கும். லண்டன் உயர்தரத்தில் ஏ எடுத்திருந்தால் முதலாம் வருடப் பொது இரசாயனத்தைத் தாண்டிப் போகச் சில கல்லூரிகள் அனுமதிக்கும். தாண்டுவது கெட்டித்தனமாகத் தெரியும். ஆனால் அந்தப் பாடத்தைக் கல்லூரியிலேயே, ஆய்வுகூடத்தோடு படித்திருக்க வேண்டும் என்று கேட்கும் மருத்துவப் பாடசாலைகளும் உண்டு. தாண்டிவிட்டு நேரே சேதனத்தில் இறங்கிச் சறுக்கினால் அந்தப் பெறுபேறு கோவையில் நிரந்தரமாகத் தங்கிவிடும். கல்லூரி ஆலோசகரிடம் எழுத்தில் கேட்டுக்கொண்டு முடிவெடுப்பதே பாதுகாப்பு. அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ இல்லாதவரைச் சேர்க்கும் மருத்துவப் பாடசாலைகள் அங்கே சொற்பம் என்பதையும் மறக்கக் கூடாது.

சேதன இரசாயனத்தின் பயம் அமெரிக்காவில் எவ்வளவு என்பதற்கு நியூயோர்க் பல்கலைக்கழகம் ஓர் உதாரணம். 2022இல் அங்கே மெய்ட்லண்ட் ஜோன்ஸ் என்ற மூத்த பேராசிரியரின் வகுப்பில் இருந்த 350 பேரில் 82 பேர், பாடம் மிகக் கடினம் என்று மனு எழுதினார்கள். அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. மருத்துவராக வரப்போகிறவரை எவ்வளவு கடினமாகச் சோதிக்கலாம் என்று நாடே விவாதித்தது.

இந்தியாவில் எம்பிபிஎஸ் படிக்க நீட் பரீட்சையில் தேற வேண்டும். 180 வினாக்களில் 45 இரசாயனவியல். 720 புள்ளிகளில் 180. அது முழுக்கப் பல்தேர்வு, வேகம். நம் கட்டமைப்பு வினாவுக்குப் பழகிய பிள்ளை அதற்கென்று தனியாகப் பயிற்சி எடுக்க வேண்டும்.

முகவர் அலுவலகத்துக்குள் ஏறும் குடும்பங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. அந்தப் பல்கலைக்கழகம் இலங்கை மருத்துவ சபையின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா? சபை கேட்கும் உயர்தரத் தகைமை பிள்ளையிடம் இருக்கிறதா? எங்கோ அனுமதி கிடைத்துவிட்டது என்பதால் இங்கே பதிவு கிடைத்துவிடாது. திரும்பி வந்தபின் மருத்துவ சபை நடத்தும் பதிவுக்கான பரீட்சையில் தேறினால்தான் இங்கே வேலை செய்யலாம்.

மருத்துவம் ஏன் இரசாயனத்தைக் கேட்கிறது?

வடிகட்டுவதற்குத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டு உதாரணங்கள் பார்ப்போம்.

வயிற்றோட்டம் வந்தால் வீட்டில் 'ஜீவனி' கரைத்துக் கொடுக்கிறோம். இத்தகைய கரைசலுக்கு உலக சுகாதார நிறுவனம் 2002இல் வகுத்த சூத்திரப்படி ஒரு லீற்றரில் 2.6 கிராம் உப்பு, 1.5 கிராம் பொற்றாசியம் குளோரைட்டு, 2.9 கிராம் சோடியம் சித்திரேற்று, 13.5 கிராம் குளுக்கோசு. மூலர்த் திணிவால் வகுத்துப் பாருங்கள். உப்பிலிருந்து 45 மில்லிமூல் சோடியம், சித்திரேற்றிலிருந்து 30, மொத்தம் 75. குளுக்கோசும் 75. ஒன்றுக்கு ஒன்று. சிறுகுடல் கலங்கள் குளுக்கோசையும் சோடியத்தையும் சேர்த்தே உள்ளே இழுக்கின்றன, நீர் பின்னால் போகிறது. எண்ணற்ற குழந்தைகளைக் காப்பாற்றிய அந்தப் பைக்கற்று, 12ஆம் வகுப்பு இரசாயனக் கணித்தல் பாடத்தில் விளங்கக்கூடிய விடயம்.

இரண்டாவது, குருதி. அதன் பீஎச் 7.35க்கும் 7.45க்கும் இடையில் நிற்க வேண்டும். அதைப் பிடித்து வைப்பது இருகாபனேற்றுத் தாங்கற் கரைசல். அமிலத்தின் பீகேஏ 6.1, இருகாபனேற்றுக்கும் கரைந்த காபனீரொட்சைட்டுக்கும் உள்ள விகிதம் 20. இருபதின் மடக்கை 1.3. கூட்டினால் 7.4. தீவிர சிகிச்சைப் பிரிவில் குருதி வாயு அறிக்கையைப் பார்க்கும் மருத்துவரின் மனதில் ஓடும் கணக்கு இதுதான். உயர்தர இரசாயன வினாத்தாளின் தலையில் 'கணிப்பானைப் பயன்படுத்தக் கூடாது' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து முகம் சுளிக்கும் பிள்ளைகள் இதை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

நான்காவது முடிவு: ஆய்வுகூடம்

இன்றைய உள்ளூர் உயர்தரத்தில் இரசாயனவியலுக்குத் தனிச் செய்முறைப் பரீட்சை இல்லை. பாடத்திட்டத்தில் செய்முறைகள் இருக்கின்றன, அவற்றை ஒட்டி வினாக்களும் வருகின்றன. ஆனால் நியமிப்பு ஒன்றைக்கூடக் கையால் செய்யாமல், நிறமாற்றங்களை மனப்பாடம் செய்தே ஏ எடுத்துவிடலாம். வார நாட்களில் பாடசாலையைத் தவிர்த்து ரியூசன் மண்டபத்தில் இருக்கும் பிள்ளைக்கு நடப்பது அதுதான்.

இதற்கான விலை பரீட்சையிலேயே தெரியும். பண்பறி பகுப்பு வினாவில் வீழ்படிவு கரைந்ததா, நிறம் மாறியதா, வாயு வெளியேறியதா என்று துப்புத் துலக்க வேண்டும். கண்ணால் பார்த்தவருக்கு அது ஞாபகம். பார்க்காதவருக்குச் சுமை. எனவே பாடசாலையைத் தெரியும்போது கேட்க வேண்டியது ஒன்று: கிழமைக்கு எத்தனை பாடவேளை ஆய்வுகூடத்துக்குள்? நல்ல ஆய்வுகூடமும் அதைத் திறந்து வைக்கும் ஆசிரியரும் உள்ள பாடசாலை, புகழ்பெற்ற ரியூசன் வகுப்பைவிடப் பெறுமதியானது.

ஐந்தாவது: இனி ஆசிரியர்

உள்ளூர் உயர்தர இரசாயனவியலின் முதலாம் வினாத்தாளில் 50 பல்தேர்வு, இரண்டு மணித்தியாலம். ஒன்றுக்கு இரண்டரை நிமிடத்துக்கும் குறைவு. கடைசிப் பத்து வினாக்களில் இரண்டு கூற்றுகள் தந்து, இரண்டும் உண்மையா, ஒன்று மற்றதற்கு விளக்கமா என்று கேட்பார்கள். இரண்டாம் வினாத்தாள் மூன்று மணித்தியாலம். அதில் நான்கு கட்டமைப்பு வினாக்கள் கட்டாயம், கட்டுரைப் பகுதிகள் இரண்டில் ஒவ்வொன்றிலும் மூன்றில் இரண்டு. அணுக் கட்டமைப்பில் தொடங்கிக் கைத்தொழில் இரசாயனம், சூழல் மாசடைதல் வரை 14 அலகுகளை இதற்குள் அளப்பார்கள்.

இந்தப் பரீட்சைக்கு ஆயத்தப்படுத்தும் ஆசிரியரை அளக்க மூன்று கேள்விகள் போதும். பிள்ளையின் விடைத்தாளைத் திருத்தி, எங்கே புள்ளி போனது என்று எழுதித் திருப்பித் தருகிறாரா? பல்தேர்வில் சரியான விடையோடு நில்லாமல் மற்ற நான்கும் ஏன் பிழை என்று சொல்கிறாரா? பரீட்சைக்குச் சில மாதங்கள் முன்பே தியரியை முடித்து மீட்டலுக்கு இடம் விடுகிறாரா? முந்நூறு பேர் இருக்கும் மண்டபத்தில் ஒலிவாங்கியோடு கற்பிப்பவராலும் உதவியாளர்களை வைத்து இவற்றைச் செய்ய முடியும். இருபது பேர் வகுப்பிலும் இவை நடக்காமல் போகலாம். போன வருடம் எத்தனை பேர் மெடிசின் போனார்கள் என்ற சுவரொட்டிக் கணக்கு இதில் எதையும் சொல்லாது. கெட்டிக்காரப் பிள்ளைகள் ஒரே பாடத்துக்கு இரண்டு மூன்று வகுப்புக்குப் போவதால் ஒரே முகம் பல சுவரொட்டிகளில் வரும்.

தூரமும் ஒரு கணக்கு. கொட்டாஞ்சேனைப் பிள்ளை வெள்ளவத்தை வகுப்புக்கு 155இலோ, புறக்கோட்டைக்கு வந்து 101இலோ ஏறிப் போய்வர நெரிசலில் மூன்று மணித்தியாலம் போய்விடும். அந்த மூன்று மணித்தியாலத்தில் கடந்தகால வினாத்தாள் ஒன்றின் கட்டமைப்புப் பகுதியைச் செய்து, திருத்தி, பிழையையும் படித்து முடிக்கலாம். பக்கத்தில் இருக்கும் திருத்தித் தரும் ஆசிரியர், தூரத்தில் இருக்கும் பிரபலத்தைவிட இலாபம். இணையவழி வகுப்புகள் பரவிய பிறகு பயணம் கட்டாயமும் இல்லை.

மருத்துவம் வராவிட்டால்?

உயிரியல் பிரிவில் பரீட்சை எழுதும் பிள்ளைகளில் பெரும்பான்மையினருக்கு மருத்துவம் கிடைப்பதில்லை. பத்துக்கும் மேற்பட்ட அரச மருத்துவ பீடங்கள் இருந்தும் இதுதான் நிலை. இருந்தும் வீடுகளில் பேச்சு, கிடைப்பவரைப் பற்றி மட்டும்.

மூன்று பாடங்களில் மருத்துவம் தவறிய பிறகு அதிக வாசல்களைத் திறந்து வைப்பது இரசாயனவியல். பேராதனையில் பல் மருத்துவமும் மிருக வைத்தியமும் இருக்கின்றன. மருந்தாக்கவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், சித்த மருத்துவம், உணவு விஞ்ஞானம் என்று பட்டியல் நீளும். கொழும்பு விஞ்ஞான பீடத்திலேயே உயிரிரசாயனமும் மூலக்கூற்று உயிரியலும் சிறப்புப் பட்டமாகப் படிக்கலாம். பல்கலைக்கழக அனுமதியே கிடைக்காதவருக்கு இராஜகிரியவில் இலங்கை இரசாயன நிறுவகத்தின் பட்டதாரி இரசாயனவியலாளர் கற்கை இருக்கிறது. 1941இல் இலங்கை இரசாயனச் சங்கமாகத் தொடங்கிய அமைப்பு அது. இந்தக் கற்கை 1979 முதல் நடக்கிறது. அதில் சேர இசட் வெட்டுப்புள்ளி தேவையில்லை.

இவை இரண்டாந்தர ஆறுதல்கள் இல்லை. 2023இல் தரமற்ற இமியூனோகுளோபுலின் மருந்து வைத்தியசாலைகளுக்குள் வந்த விவகாரம் நாட்டையே உலுக்கியது. அந்தக் குப்பியில் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டியவர் ஆய்வுகூடத்தில் இருக்கும் பகுப்பாய்வாளர். மருந்துகளில் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் நாட்டில் அந்த ஆசனம் வெறுமையாக இருந்தால் எத்தனை நல்ல மருத்துவர் இருந்தும் பயனில்லை.

பெறுபேறு வந்ததும் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் கற்கைநெறிகளை விருப்ப ஒழுங்கில் எழுத வேண்டும். முதல் வரியை எழுத எந்த வீட்டிலும் ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. இரண்டாவது, மூன்றாவது வரிகள் கண்ணீரோடும் கோபத்தோடும், கடந்த வருட வெட்டுப்புள்ளியை மட்டும் பார்த்து, கடைசி நாளில் நிரப்பப்படுகின்றன. அந்த இரண்டாவது வரியைப் பிள்ளையோடு உட்கார்ந்து 12ஆம் வகுப்பு தொடங்கும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அதை விரும்பி எழுதக்கூடிய பிள்ளை இரசாயனவியலையும் விரும்பிப் படிக்கும். அப்படிப் படிக்கும் பிள்ளைக்கே முதல் வரி கிடைக்கும் வாய்ப்பும் அதிகம்.